ஜப்பானிய கால்ஃப் கிளப் வாங்கும்போது: தலை முதலிலா, ஷாஃப்ட் முதலிலா?

2021-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் ஜப்பானிய வீரர் ஹிடெகி மட்சுயாமா வென்றபோது அவர் கையிலிருந்த டிரைவரின் (மிகத் தொலைவுக்கு அடிக்கும் நீண்ட கிளப்) தலை, அதாவது பந்தில் படும் பகுதி, ஜப்பானின் ஸ்ரிக்சன் நிறுவனத்துடையது. அதன் கார்பன் ஷாஃப்டும் (தலையைப் பிடியோடு இணைக்கும் தண்டு) ஜப்பானின் கிராஃபைட் டிசைன் நிறுவனம் செய்த டூர் ஏடி டிஐ. ஆனால் அதே பையிலிருந்த ஸ்ரிக்சன் அயர்ன்களில் (நடுத்தர, குறுந்தூர அடிகளுக்கான எண்ணிட்ட கிளப்புகள்) பொருத்தப்பட்டிருந்தவை அமெரிக்காவின் ட்ரூ டெம்பர் நிறுவனத்து டைனமிக் கோல்ட் எஃகு ஷாஃப்டுகள். எதிர்த்திசையிலும் இதே நிலைதான்: அமெரிக்கத் தலைகளைக் கொண்டு ஆடும் தொழில்முறை வீரர்களில் பலர் டிரைவருக்கு ஃபுஜிகுரா, மிட்சுபிஷி, கிராஃபைட் டிசைன் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் ஷாஃப்டுகளையே நாடுகிறார்கள். 2000-களில் டைகர் உட்ஸின் டிரைவரில் பல ஆண்டுகள் இருந்ததும் மிட்சுபிஷியின் டயமானாதான்.

ஆகவே 'ஜப்பானிய கிளப்' என்று ஒரே பொருளாக நினைத்துக்கொள்வது முதல் பிழை. அது தலை, ஷாஃப்ட் என்ற இரண்டு பொருள்களின் சேர்க்கை. இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் தலையின் மெருகையும் மேல்விளிம்பின் மெலிவையும் பார்த்து முடிவெடுத்துவிட்டு, ஷாஃப்டைக் கடைசியில் விறைப்பைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். என் கணிப்பில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ஷாஃப்டின் எடை, அடுத்து அதன் விறைப்பு, அதற்குப் பிறகுதான் தலை.

இருந்தாலும், எதை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேனோ அதைப் பற்றி முதலில் பேசிவிடுவது நல்லது; ஏனெனில் விலையில் பெரும்பகுதி தலைக்கே போகிறது.

தலைகள்: மூன்று வழிகள்

ஜப்பானிய கிளப் வாங்குபவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மிசுனோ, ஸ்ரிக்சன், ஸெக்சியோ, பிரிட்ஜ்ஸ்டோன், யோனெக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் முழுதாகச் செய்து விற்கும் கிளப்பை வாங்குவது ஒன்று. மியுரா, எபோன் போன்ற பட்டறை மரபிலிருந்து வந்த தலைகளைத் தனியாக வாங்கி, 'கோபோ' என்று ஜப்பானியர் அழைக்கும் சிறு பணிமனையில் விருப்பமான ஷாஃப்டோடு கட்டிக்கொள்வது இரண்டாவது. ஹொன்மா, மஜெஸ்டி வகை ஆடம்பர கிளப்புகள் மூன்றாவது.

மூன்றாவதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 1959-இல் தொடங்கிய ஹொன்மா, யமகதா மாநிலத்தின் சகாதா நகரில் தலையையும் ஷாஃப்டையும் தானே செய்யும் அரிய நிறுவனம். அதன் பெரெஸ் வரிசையில் நட்சத்திரங்களின் எண்ணிக்கை கூடக்கூட விலையும் ஏறும். உச்சத்தில் தங்க முலாமும் வந்துவிடும். நட்சத்திரம் ஏறும்போது ஷாஃப்டில் மேலான கார்பன் இழை சேர்க்கப்படுவது உண்மை. தங்கத்தால் பந்து தூரம் போவதில்லை என்பதும் உண்மை. மென்மையாக வீசும் மூத்த ஆட்டக்காரருக்கு எடை குறைந்த பெரெஸ் நன்றாகவே பொருந்தும். ஆனால் அதே பொருத்தத்தை அதைவிடக் குறைந்த செலவில் ஸெக்சியோவும் தரும்.

சுமிட்டோமோ ரப்பர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஸெக்சியோ, ஜப்பானிய உள்நாட்டுச் சந்தை எதை விரும்புகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று: மொத்த எடை குறைவு, ஷாஃப்ட் நீளம், பந்தை எளிதில் உயர்த்தும் தலை, காதுக்கு இனிய கூரிய ஒலி. பதினொன்றாம் தலைமுறையிலிருந்து பிடியின் முனையில் எடையைக் கூட்டி, பின்வீச்சின் உச்சியில் கை சரியான இடத்துக்கு வர உதவும் அமைப்பையும் சேர்த்திருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, தலையும் ஷாஃப்டும் பிடியும் ஒன்றையொன்று நம்பி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பது. ஸெக்சியோவை வாங்கி அதில் 65 கிராம் ஷாஃப்டைப் பொருத்துபவர், அந்த கிளப்பின் பயனைக் கழற்றி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறார் என்றே சொல்வேன்.

மிசுனோவின் நிலை வேறு. 1906-இல் ஒசாகாவில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் ஃபோர்ஜ்டு (உருக்கைச் சூடாக்கி அழுத்தி வடித்த) அயர்ன்கள் 1968 முதல் ஹிரோஷிமாவிலுள்ள சூவோ ஆலையில் உருவாகின்றன. ஒரே உருக்குக் கம்பியைக் கழுத்திலிருந்து முகம் வரை தொடர்ச்சியாக அழுத்தி, உலோகத்தின் இழையோட்டம் அறுபடாமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய முறை. ஆனால் தேர்ந்தெடுப்பவருக்கு இந்த முறையைவிடப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. மிசுனோ புரோ 221, 223, 225 என்ற மூன்று மாதிரிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; மூன்றிலும் 7-ஆம் எண் அயர்ன் இருக்கிறது; ஆனால் அதன் முகச் சாய்வு (குறையக் குறைய பந்து தாழ்வாகவும் தொலைவாகவும் போகும்) முறையே 34, 32, 30 பாகை. 225-ஐ அடித்துப் பார்த்து 'இதில் 10 கஜம் கூடுதலாகப் போகிறது' என்று மகிழ்பவர், உண்மையில் 221-இன் 6-ஆம் எண் அயர்னை 7 என்ற எண்ணோடு அடித்திருக்கிறார். உள்நாட்டுச் சந்தைக்கான எளிய அயர்ன்களில் இந்தச் சாய்வு 28 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அது தவறல்ல, பந்து போதுமான உயரம் எழுந்து, குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தளத்தில் விழுந்த இடத்துக்கு அருகிலேயே நின்றால் சாய்வு குறைவு பயன்தான். நிற்காமல் உருண்டோடினால் கிடைத்த 10 கஜமும் வீண். ஆகவே கடையில் தூரத்தை ஒப்பிடும்போது எண்ணைப் பார்க்காமல் சாய்வைப் பார்க்க வேண்டும்; அதோடு, குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜின் சாய்வு 43 பாகை என்றால் அதற்கும் மணற்குழி வெட்ஜுக்கும் இடையே இரண்டு கிளப்புகள் தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 14 கிளப்புகளுக்குமேல் பையில் வைக்க விதி இடம் தராது.

இரண்டாவது வழி, அதாவது பட்டறைத் தலைகள், கதை நிறைந்தது. ஹியோகோ மாநிலத்தின் இச்சிகாவா சிற்றூரில்தான் 1930 வாக்கில் ஜப்பானின் முதல் அயர்ன் தலைகள் உருவாயின. அருகிலுள்ள ஹிமெஜியில் கட்சுஹிரோ மியுரா தொடங்கிய பட்டறை இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெயர். நீகாதா மாநிலத்தின் ட்சுபாமே, உலோகத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள எண்டோ நிறுவனம் பல புகழ்பெற்ற பிராண்டுகளுக்குத் தலை வடித்துக் கொடுத்துக்கொண்டே, எபோன் என்ற பெயரில் தன் சொந்தத் தலைகளையும் விற்கிறது. வாள் செய்த கைகளின் வழிவந்தவை என்று இந்தத் தலைகளைப் பற்றி அடிக்கடி எழுதப்படுகிறது. விற்பனைக்கு அது உதவும், பந்துக்கு உதவாது.

இந்தத் தலைகளுக்கு எஸ்20சி, எஸ்25சி என்ற மென்கரிம உருக்கைப் பயன்படுத்துகிறார்கள். முதலாவதில் கரிமம் 0.18 முதல் 0.23 விழுக்காடு, இரண்டாவதில் 0.22 முதல் 0.28 விழுக்காடு. இந்தச் சிறு வேறுபாட்டைக் கையால் உணர முடியும் என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் மறுப்பதில்லை, நம்புவதுமில்லை. 'மென்மை' என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு ஒலியும் அதிர்வும் தலையின் வடிவமும் தருவது. மென்கரிம உருக்கின் ஐயத்துக்கிடமற்ற பயன், அதை வளைக்க முடியும் என்பதே. நிலத்தோடு கிளப் கொள்ளும் லை கோணத்தையும் முகச் சாய்வையும் இரண்டு பாகை வரை பணிமனையில் திருத்திக்கொள்ளலாம். லை கோணம் அதிகம் நிமிர்ந்திருந்தால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் தொடங்கும். சாய்வு கூடிய குறு அயர்ன்களில் இந்தப் பிழை மேலும் பெரிதாகும். வார்ப்பு முறையில் கடின எஃகால் செய்த பல அயர்ன்களில் இத்திருத்தம் கடினம் அல்லது இயலாது. உயரமோ கையின் நீளமோ சராசரியிலிருந்து விலகி இருப்பவர் ஃபோர்ஜ்டு தலைக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நியாயப்படுத்த இந்த ஒரு காரணமே போதும்.

ஷாஃப்டின் எடை

இனி முதன்மையான பகுதி. 1972-இல் ஜப்பானில் நடந்த தைஹெய்யோ மாஸ்டர்ஸ் போட்டியில் அமெரிக்க வீரர் கே புரூவர் கார்பன் ஷாஃப்ட் டிரைவரோடு வென்றார். அப்போது டோரே நிறுவனம் கார்பன் இழையை வணிக அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கி நீண்ட காலமாகவில்லை. இழையும் ஜப்பானில் கிடைத்தது, தேவையும் அங்கே எழுந்தது. ஷாஃப்ட் தொழிலில் ஜப்பானியர் பெற்ற முன்னிலைக்கு இந்த அண்மையே அடிப்படை.

கார்பன் ஷாஃப்ட் வந்ததால் முதலில் மாறியது எடைதான். இன்றும் முதலில் தீர்மானிக்க வேண்டியது அதுதான். காரணம் எளியது. விறைப்பு சற்றுத் தவறினால் உடல் இரண்டு மூன்று வாளிப் பந்துகளில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எடை தவறினால் வீச்சின் தாளமே கெடும். மிகவும் இலேசானதைக் கையில் எடுத்தவர் மேலிருந்து அவசரமாக இறக்குவார், பந்து இடமும் வலமும் சிதறும். மிகவும் கனமானதை எடுத்தவர் முதல் ஒன்பது குழிகள் வரை நன்றாக ஆடி, பதினைந்தாம் குழியில் கிளப் முகத்தைத் திருப்ப முடியாமல் வலப்புறம் தள்ளுவார். நம்மால் தளராமல் வீச முடிகிற எடைகளில் மிகக் கனமானதைத் தேர்ந்தெடு என்று ஜப்பானியப் பணிமனைகளில் சொல்லும் விதி இதிலிருந்து வந்தது. அதைவிட நல்ல தொடக்கப்புள்ளியை நான் அறியேன்.

எண்களாகச் சொன்னால், ஜப்பானிய உள்நாட்டு டிரைவர்களோடு வரும் ஷாஃப்டுகள் பெரும்பாலும் 40 முதல் 55 கிராம் வரை. அமெரிக்கச் சந்தைக்கானவற்றில் 60 கிராம் இயல்பு. ஜப்பானிய அட்டவணைகள் தலைவேகத்தை, அதாவது பந்தை அடிக்கும் கணத்தில் தலைக்குள்ள வேகத்தை, வினாடிக்கு மீட்டர் கணக்கில் தருகின்றன, அதை 2.24-ஆல் பெருக்கினால் மணிக்கு மைல் கணக்கு வரும். 40 மீட்டர் என்றால் ஏறத்தாழ 90 மைல். 38 மீட்டருக்குக் கீழே 40 கிராம் வகுப்பும், 38 முதல் 43 வரை 50 கிராம் வகுப்பும், அதற்குமேல் 60 கிராம் வகுப்பும் சோதனையைத் தொடங்கத் தகுந்த இடங்கள். தாளம் விரைவாக உள்ளவர் ஒரு படி கனமாகவும், நிதானமாக வீசுபவர் ஒரு படி இலேசாகவும் முயன்று பார்க்கலாம்.

அயர்ன்களில் இந்த முடிவு இன்னும் கூர்மையானது. ட்ரூ டெம்பரின் டைனமிக் கோல்ட், வெட்டாத நிலையில் 130 கிராமை நெருங்கும். நிப்பான் ஷாஃப்ட் 1999-இல் கொண்டுவந்த என்.எஸ். புரோ 950 ஜிஎச், எஸ் விறைப்பில் 98 கிராம். எஃகின் உணர்வை விடாமல் 30 கிராமைக் குறைத்த இந்த ஒரே ஷாஃப்ட், ஜப்பானில் அமெச்சூர் ஆட்டக்காரர்களின் அயர்ன்களை மாற்றிவிட்டது. இன்றும் கடையில் அதிகம் காணப்படும் எஃகு ஷாஃப்ட் அதுவே. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை அதே நிறுவனத்தின் மோடஸ் வரிசை நிரப்புகிறது: மோடஸ் 105 எஸ் சுமார் 106 கிராம், மோடஸ் 120 எஸ் சுமார் 114 கிராம். இங்கே 105 கனம் குறைந்ததாக இருந்தாலும் நடுப்பகுதி விறைப்பானது. 120 கனமாக இருந்தாலும் நடுவில் இணங்கி வளையும். எடையும் விறைப்பும் சேர்ந்தே நடக்கும் என்ற எண்ணத்தை இந்த இணை உடைக்கிறது. மெதுவாகத் திரும்பி நிதானமாக இறக்குபவர்களுக்கு 120-ஐயும், மேலிருந்து வேகமாக இறக்குபவர்களுக்கு 105-ஐயும் நான் முதலில் கொடுத்துப் பார்ப்பேன்.

எழுத்துகள் அளவுகள் அல்ல

ஆர், எஸ்ஆர், எஸ், எக்ஸ் என்று இளகியதிலிருந்து விறைப்பானது வரை ஷாஃப்டில் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளுக்கு உலக அளவில் எந்தப் பொதுத்தரமும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வரிசைக்குள் ஒப்பிடுவதற்காக இட்டுக்கொண்ட பெயர்கள் அவை. அதிலும் ஜப்பானிய உள்நாட்டு எஸ், அமெரிக்க எஸ்ஸைவிட பெரும்பாலும் இலேசாகவும் இளகியதாகவும் இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே டிரைவரைக்கூட இரண்டு சந்தைகளுக்கும் இரண்டு விதமான ஷாஃப்டோடு விற்பதுண்டு. 'நான் எப்போதும் எஸ்தான்' என்று உள்நாட்டு மாதிரியை வாங்கியவர், முதல் நாளிலேயே பந்து உயர எழுந்து இடப்புறம் சுருள்வதைக் காண்பார். எஸ்ஆர் என்ற இடைநிலை எழுத்து ஜப்பானிய அட்டவணைகளில் பரவலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 40 மீட்டரை ஒட்டிய தலைவேகக்காரர்கள் அங்கே மிகுதி.

எழுத்தை நம்ப முடியாதபோது அதிர்வெண் உதவும். ஷாஃப்டின் பிடிமுனையை இறுக்கி, தலையை அசைத்துவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று பணிமனைக் கருவி காட்டும். நீளமும் தலையின் எடையும் மாறினால் இந்த எண்ணும் மாறும் என்பதால், முழுதாகக் கட்டிய கிளப்புகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இப்போது நன்றாக அடிக்கும் பழைய கிளப் ஒன்று உங்களிடம் இருந்தால், புதியதைத் தேடுவதற்குமுன் அதன் அதிர்வெண்ணையும் மொத்த எடையையும் அளந்து எழுதிக்கொள்வது, பத்து அட்டவணைகளைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

அடுத்து வருவது ஷாஃப்ட் எங்கே வளைகிறது என்பது. பிடிப்பக்கம் வளைவதை ஜப்பானியர் 'மோட்டோ சோஷி' என்றும், நடுவில் வளைவதை 'நகா சோஷி' என்றும், தலைப்பக்கம் வளைவதை 'சாகி சோஷி' என்றும் குறிக்கிறார்கள். டயமானாவின் வண்ண மரபு இதை நினைவில் வைக்க எளிது: வெள்ளை பிடிப்பக்கம், நீலம் நடு, சிவப்பு தலைப்பக்கம். தலைப்பக்கம் வளையும் ஷாஃப்ட் பந்தை உயர்த்தி, முகத்தை மூடிக்கொள்ள உதவும். வலப்புறம் நழுவும் பந்தால் வருந்துபவர்களுக்கு அது மருந்து. பிடிப்பக்கம் வளைவது, முனை விறைப்பாக நின்று, சுழற்சியைக் குறைத்து, இடப்புறப் பிழையை அஞ்சுபவர்களுக்குத் துணிவு தரும். ஆனால் மணிக்கட்டை எப்போது விடுவிக்கிறோம் என்பதே இங்கே பெரிய கேள்வி. கடைசி நொடிவரை மணிக்கட்டின் கோணத்தைத் தேக்கி வைப்பவருக்கே முனையின் விறைப்பு உண்மையில் தெரியும். மேலேயே விடுவித்துவிடுபவருக்கு வெள்ளைக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு விலைச்சீட்டில் மட்டுமே தெரியக்கூடும். அத்தகையவர் முதலில் நடு வளைவில் நின்றுகொள்வது நல்லது. கிராஃபைட் டிசைனின் டிஐ, ஃபுஜிகுராவின் வென்டஸ் நீலம் போன்றவை நெடுங்காலமாகப் பலரின் பையில் நிலைத்திருப்பது இந்த நடுத்தன்மையால்தான்.

முறுக்க அளவை, அதாவது ஷாஃப்ட் எவ்வளவு முறுகும் என்பதைப் பற்றி ஒரு சொல் போதும். 60 கிராம் ஷாஃப்டில் 3 முதல் 4 பாகை, 40 கிராம் ஷாஃப்டில் 5 அல்லது அதற்கும் மேல் என்பது இயல்பு. இலேசான ஷாஃப்டில் முறுக்கம் கூடுவது குறையல்ல, அதை வெறும் எண்ணாக ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை.

பெயரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் இங்கே பொருந்தும். ஃபுஜிகுரா 2019-இல் கொண்டுவந்த வென்டஸில் வெலோகோர் என்ற உள்ளடுக்கு முக்கியம். ஆனால் சில கிளப்புகளோடு கூடுதல் விலையின்றி வரும் அதே வென்டஸ் பெயருடைய ஷாஃப்டில் அந்த அடுக்கு இல்லை. டூர் ஏடி, ஸ்பீடர் போன்ற பெயர்களோடு குறிப்பிட்ட கிளப் நிறுவனத்துக்கென்றே செய்து தரப்படும் ஷாஃப்டுகளும் இத்தகையவையே. அவை மோசமானவை அல்ல. பெரும்பாலும் இளகியவை, சராசரி ஆட்டக்காரருக்கு எளியவையும்கூட. ஆனால் தனியாக வாங்கினால் 40,000 யென்னுக்கு மேல் போகும் ஷாஃப்ட் இலவசமாகக் கிடைத்துவிட்டதாக எண்ணி வாங்கக் கூடாது.

பை முழுவதற்கும் ஓர் ஒழுங்கு

ஒரு கிளப்பை மட்டும் பொருத்திப் பார்ப்பவர்கள் தவறவிடுவது எடையின் படிவரிசை. கிளப் குறுகக் குறுக ஷாஃப்டின் எடை ஏற வேண்டும் என்பது ஜப்பானியப் பணிமனைகள் கண்டிப்பாகப் பார்க்கும் ஒழுங்கு. டிரைவரில் 50 கிராம் என்றால் ஃபேர்வே உட்டில் 60, யுடிலிட்டியில் 70 முதல் 80 (இவ்விரண்டும் டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட கிளப்புகள்), அயர்னில் 95 சுற்று என்று படிகள் வரும். டிரைவரில் 45 கிராம், அயர்னில் டைனமிக் கோல்ட் 130 கிராம் என்று வைத்திருப்பவர், ஒரே நாளில் இரண்டு வேறு வீச்சுகளைக் கையாள வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று நிச்சயம் தவறும். அயர்ன்களில் எஃகு கனமாகிவிட்டால் 70 கிராம் வகுப்பின் இலேச எஃகோ கார்பனோ வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முழங்கை வலி உள்ளவர்களுக்கு அதிர்வைத் தணிக்கும் கார்பன் கூடுதல் நிம்மதி தரும்.

வீச்செடை என்பது இதிலிருந்து வேறான அளவு. பிடிமுனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கிப் பிடித்தால் தலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைச் சொல்வது. சி9, டி0, டி1 என்று ஏறும். தலையில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி கூடும், நீளத்தில் அரை அங்குலம் குறைத்தால் மூன்று புள்ளி குறையும். 46 அங்குல உள்நாட்டு டிரைவரைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று அரை அங்குலம் வெட்டினால், டி2 சி9 ஆகிவிடும்; தலையில் 6 கிராம் ஈயத்தையோ எடைத் திருகையோ சேர்த்தால்தான் பழைய உணர்வு திரும்பும். வெட்டிவிட்டு 'இது இப்போது உயிரில்லாமல் இருக்கிறது' என்று அந்த கிளப்பையே விற்றுவிடுபவர்கள் பலர்.

நீளத்தை ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜப்பானில் நீளத்தை அளக்க இரு முறைகள் வழக்கில் உள்ளன: தலையின் குதிமுனை வரை அளப்பது ஒன்று, 60 பாகைத் தளத்தில் வைத்து அளப்பது மற்றொன்று. கால்ஃப் விதிகள் பின்பற்றுவது இரண்டாவதை. டிரைவரில் 60 பாகை முறை கால் அங்குலமோ அதற்குச் சற்று மேலாகவோ கூட்டிக் காட்டும். எந்த முறை என்று கேட்காமல் இரண்டு நிறுவனங்களின் 45.5 அங்குலத்தை ஒன்றென்று கொள்ள முடியாது.

யாருக்கு எது

40 மீட்டர் சுற்றில் வீசி, வாரம் ஒருமுறை ஆடி, பந்து வலப்புறம் நழுவுவதே முதன்மைக் குறையாக உள்ளவருக்குப் பெரிய நிறுவனத்தின் முழு கிளப்பே சரி. டிரைவரில் 50 கிராம் எஸ்ஆர் அல்லது உள்நாட்டு எஸ், அயர்னில் 950 ஜிஎச் ஆர் அல்லது எஸ், தலையாக 225 போன்ற உள்ளே குடைவான கட்டமைப்புடையது. இவர் தனி ஷாஃப்டுக்குச் செலவிடும் தொகையை அளவுக்கேற்ற பொருத்தலுக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதே மேல்.

44 மீட்டரைத் தாண்டி வீசுபவருக்கு உள்நாட்டு முழு கிளப் பெரும்பாலும் பொருந்தாது. இலேசும் இளக்கமும் அவருக்குப் பகை. இவர் தலையை மட்டும் ஜப்பானில் தேர்ந்து, 60 கிராம் எஸ் அல்லது எக்ஸ் ஷாஃப்டைத் தனியாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். மியுரா, எபோன், மிசுனோ 221 வகைத் தலைகள் உண்மையில் இவருக்காகவே காத்திருக்கின்றன.

36 மீட்டருக்குக் கீழே வீசுபவர்களுக்கு, பெண்களும் மூத்தவர்களும் உட்பட, உலகில் எந்த நாட்டின் கிளப்பும் ஜப்பானியதைப்போல் அக்கறையோடு செய்யப்படவில்லை என்பேன். மற்ற நாடுகளில் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆண்களின் கிளப்பைக் குறுக்கி இளக்கியது. ஜப்பானில் தலையும் பிடியும்கூட இவர்களின் எடைக்கே செய்யப்படுகின்றன. ஆனால் இந்த வகுப்பில்தான் 'கோஹன்பட்சு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முகத்தின் துள்ளல் விதிகள் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிய டிரைவர் என்பது அதன் பொருள். ஜப்பானில் 2008 முதல் அந்த எல்லை நடைமுறைக்கு வந்த பிறகும், நண்பர்களோடு ஆடுபவர்களுக்காக இத்தகையவை வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. போட்டியிலோ ஹாண்டிகேப் (ஆட்டத்திறன் அளவு) கணக்குக்கு ஆடும் சுற்றிலோ அதைப் பயன்படுத்த முடியாது.

வாங்கும் நேரத்தில்

கால்ஃப் பார்ட்னர் போன்ற பழைய கிளப் கடைகள் ஜப்பானில் பெருகியிருப்பதால், ஒரு தலைமுறை பழைய தலையை நல்ல தனி ஷாஃப்டோடு பாதி விலையில் பெறுவது இயலும். நான் முதலில் அங்கேதான் தேடுவேன். ஆனால் தலையையும் ஷாஃப்டையும் கழற்றி மாட்டும் இணைப்பான்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒன்றில் ஒட்டிய ஷாஃப்ட் மற்றொன்றில் திருகாது. யமஹா கால்ஃப் தொழிலிலிருந்து விலகுவதாக 2025-இல் அறிவித்த பிறகு, அதன் இணைப்பான்களையும் எடைத் திருகுகளையும் கிளப்போடு சேர்த்தே வாங்கி வைப்பது முன்யோசனை. தனி ஷாஃப்ட் வாங்கும்போது முனையின் விட்டத்தையும் கேட்க வேண்டும்: டிரைவரில் 8.5 மில்லிமீட்டர் பெரும்பாலும் பொது. அயர்னில் கூம்பு முனை 9.0, நேர்முனை 9.4, யுடிலிட்டியில் ஒரே வழக்கம் இல்லை. பழைய ஷாஃப்ட் முனைப்பக்கம் வெட்டப்பட்டிருந்தால் எழுத்து காட்டுவதைவிட விறைப்பாகவே இருக்கும்.

சோதனையின்போது மிகத் தொலைவுக்குப் போன பந்தை மறந்துவிட்டு, பத்துப் பந்துகளின் சிதறலையும், அவற்றில் மிக மோசமான இரண்டையும் பாருங்கள். விரிப்பின்மீது அடிக்கும்போது பந்துக்குப் பின்னால் தரையில் பட்ட அடியும் நல்ல அடியாகத் தோன்றும்; இயலுமானால் அயர்ன் ஷாஃப்டைப் புல்லில் சோதிக்க வேண்டும். களைத்த பிறகு இன்னும் பத்து அடித்துப் பார்த்தால் எடையைப் பற்றிய ஐயம் தானாகவே நீங்கும்.

கடைசியாகப் பிடி. உள்நாட்டு இலேச கிளப்புகளில் பிடியின் எடை பல நேரங்களில் 40 கிராமுக்கும் குறைவு. அது தேய்ந்ததும் வழக்கமான 50 கிராம் பிடியை மாற்றினால் மொத்த எடை 10 கிராம் கூடும், வீச்செடை இரண்டு புள்ளி குறையும். நேற்றுவரை பொருந்திய ஷாஃப்ட் இன்று திடீரென விறைப்பாகத் தோன்றும். ஷாஃப்டை மாற்றப் புறப்படுவதற்குமுன் பழைய பிடியின் எடையைத் தேடிப் பார்த்து, அதே எடையில் ஒன்றைப் பொருத்திவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள்.